கண்மாய்க்குள் இரண்டு கம்பங்கள்

செல்லமுத்து அண்ணன் இறந்துவிட்டதை எனக்குச் சொன்னது அவர் வீட்டார் அல்ல. வில்லாபுரத்தில் காலைக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, அவர் ஊர்க் கொத்தனார் முருகேசன் போன் செய்தார். "அண்ணே, சார் போயிட்டாரு. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாராம், அம்புட்டுத்தான்." பிறகு அவர் கேட்டார்: "நான் கேதத்துக்கு வரலாமாண்ணே?"

இறந்த வீடு அவருக்குக் கூப்பிடு தூரம். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். என்னிடம் அனுமதி கேட்கிறார். "இதென்ன கேள்வி, வாங்க" என்றேன். தூரத்தில் இருப்பவனுக்கு இப்படிச் சொல்வது மிகவும் சுலபம்.

தல்லாகுளம் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் சர்வேயர் செல்லமுத்து. அவர் அளந்து வருவார், நான் வரைபடம் போடுவேன். வரப்புத் தகராறில் இரண்டு பக்கமும் வாங்கிய வசவுகளை மதியச் சாப்பாட்டின்போது சிரித்துக்கொண்டே ஒப்பிப்பார். அவருடைய சொந்த ஊர்த் தகராறு மட்டும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய ஊர், மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு. கண்மாயில் தண்ணீர் கிடந்த காலத்தில் மடை திறப்பதில் அடிதடியாகி, அதன்பிறகு ஒரு தெருவின் நல்லது கெட்டதுக்கு மறுதெரு போவதில்லை. அண்ணன் மேலத்தெருக்காரர்.

அவர் ஓய்வு பெற்ற சமயம் மழை பொய்த்துக் கிணறுகளும் வற்றிவிட்டன. குடிதண்ணீர் லாரி கண்மாய்க் கரையில்தான் வந்து நிற்கும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு தெருவும் தனித்தனி வரிசையில் குடங்களை வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்துக் கிடக்கும். வயலில் வேலை இல்லை, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அந்த வெட்டிப் பொழுதைத்தான் அண்ணன் பிடித்துக்கொண்டார். வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கி, டேப்பைப் பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, மூங்கில் ஊன்றி வாலிபால் வலை கட்டினார். மேலத்தெரு வரிசையில் ஆறு பேரைப் பிடித்தார். கீழத்தெரு வரிசைக்குப் போய், "இன்னும் ஆறு பேர் வேணும். சும்மா நின்னா லாரி சீக்கிரம் வந்துருமா?" என்றார்.

தெருவுக்கு ஒரு அணி என்று அவர் விட்டதே இல்லை. மேலத்தெருக்காரர் ஒருவர், அடுத்துக் கீழத்தெருக்காரர் ஒருவர் என்று மாற்றி மாற்றித்தான் நிறுத்துவார். முறுக்கிக்கொண்டவர்களிடம், "பக்கத்துல நிக்கிறவன் எந்தத் தெருன்னு பாத்துக்கிட்டிருந்தா பந்து மண்டையில விழும்" என்பார். அப்படித்தான் மேலத்தெருப் பாண்டியும் கீழத்தெரு முருகேசனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பாண்டி தூக்கிக் கொடுப்பார், முருகேசன் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். வரிசையில் நிற்கும் பெண்கள், "லாரி வந்தா நாங்க சொல்றோம், நீங்க ஆடுங்க" என்பார்கள். லாரி வந்த பிறகும் ஆட்டம் முடியட்டும் என்று நின்ற நாட்கள் உண்டு.

மழை இல்லாத மூன்றாவது வருடம், மூங்கில் ஆடுகிறது என்று இரும்புக் கம்பங்கள் வாங்கி, முருகேசனை வைத்துக் குழி தோண்டிக் காங்கிரீட் போட்டார். நான் கேலி செய்தேன். "அண்ணே, ஊரையே அளந்தவரு, கண்மாயில ஆழமான இடத்துல கம்பம் ஊண்டுறீங்களே." அவர் சிரித்தார். "தண்ணி வந்தா வரட்டும் மாப்ள. வந்தா எல்லாருக்கும் சந்தோசந்தான."

மறு ஐப்பசியில் வந்தது. கண்மாய் பெருகி, மிஞ்சிய தண்ணீர் மறுகால் போனது. கரையில் நின்று அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன், சந்தோஷத்தில்தான். இரண்டு தெருவும் வயலுக்குப் போனது. லாரி நின்றது, வரிசை நின்றது, ஆட்டமும் நின்றது. நாற்று நட்டு முடிக்கும் முன்பே மடைச் சண்டை திரும்ப வந்துவிட்டது. பஞ்சத்தில் சேர்ந்து நின்றவர்களை மழை பிரித்ததை யாரிடம் போய்ச் சொல்வது? மழையைத் திட்ட முடியுமா?

வேறு இடத்தில் வலை கட்ட அண்ணன் அலையாய் அலைந்தார். மேலத்தெருக் களம் கேட்டார், கீழத்தெருக்காரன் உள்ளே வருவான் என்றார்கள். கீழத்தெருவில் கேட்டார், வம்பு வேண்டாம் சார் என்றார்கள். புறம்போக்கில் ஒரு துண்டு நிலம் கேட்டு மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். அதற்கு இரண்டு தெருவிலிருந்தும் ஆட்சேபணை வந்தது. கண்மாய் நிறைந்த பிறகு இரண்டு தெருவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கடைசியாகப் பார்த்தபோது தன்னுடைய அளவு டேப்பை என் கையில் வைத்தார். "இடம் கெடைச்சா நீ அளந்துரு மாப்ள. பதினெட்டு மீட்டருக்கு ஒம்போது. இம்புட்டு இடம் இல்லாமயா போயிரும் ஒரு ஊர்ல?" பார்த்துக்கொள்ளலாம் அண்ணே என்றேன்.

கேதத்துக்கு முருகேசன் வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றிருந்தார். பாடையைத் தூக்கும்போது முன்னால் வந்து தோள் கொடுக்கக் குனிந்தார். "இருக்கட்டும்ப்பா, நாங்க பாத்துக்கிறோம்" என்றது ஒரு குரல். அதட்டல் இல்லை, மரியாதையாகவே சொன்னது. சொன்னவர் பாண்டி. முருகேசன் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்து என்னைப் பார்த்தார். வரச் சொன்னவன் நான். எனக்கு வாய் வரவில்லை. வெளியூர்க்காரன், சாவு வீடு, கலவரமாகிவிடக் கூடாது என்று நூறு காரணம் இருந்தது. அதில் ஒன்றைக்கூட இப்போது என்னால் மதிக்க முடியவில்லை.

எரித்துவிட்டுக் குளிக்க எல்லோரும் கண்மாய்க்கு வந்தோம். மேலத்தெரு ஒரு துறையில் இறங்கியது. சுடுகாடு வரை பின்னாலேயே வந்திருந்த முருகேசனும் கீழத்தெரு ஆட்கள் சிலரும் தள்ளியிருந்த இன்னொரு துறையில் இறங்கினார்கள். நடுவில் அந்த இரண்டு கம்பங்களும் ஒரு முழம் வெளியே தெரிந்தன. எந்தத் துறையில் இறங்குவது என்று தெரியாமல் கரையிலேயே நின்றேன். கடைசியில் குளிக்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த டேப் மட்டும்தான். வீட்டு அலமாரியில் இருக்கிறது. பதினெட்டுக்கு ஒன்பது. அளக்க எனக்குத் தெரியும், அண்ணே. எங்கே என்றுதான் தெரியவில்லை.