விடியற்காலை பேட்ச்

தேங்காய் எண்ணெயும் குளோரினும் கலந்த ஒரு வாடை... தொண்ணூறுகளின் கடைசியில் என் தலையணை முழுக்க அதுதான். எவ்வளவு சீயக்காய் போட்டாலும் போகாது. நேற்று தங்கை சுகந்தி வீட்டில் ஓர் ஈரத்துண்டை எடுத்துக் கொடியில் போட்டபோது அதே வாடை. பழசெல்லாம் பொசுக்கென்று மேலே வந்துவிட்டது.

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தோம். யார் எப்படி நீந்துகிறார்கள் என்று பார்த்துத்தான் மாஸ்டர் பிரிப்பார். ஏ பேட்ச் என்றால் டீம், விடியற்காலையில் வர வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் பி பேட்ச், சாயந்திரம். அங்கே பாதி நேரம் தெர்மகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பதுதான் வேலை.

நான் நன்றாக உதைப்பேன். அதோடு சரி.

சுகந்தி என்னைவிட இரண்டு வயது சின்னவள். தண்ணீரில் இறங்கினால் வேறு ஆள். ஒருநாள் மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, "சார், சின்னது இனிமே காலையில வரட்டும். பெரிய போட்டிக்கெல்லாம் போகும்" என்றார். வீடு வரைக்கும் அவள் வண்டியில் பாடிக்கொண்டே வந்தாள்.

அப்பாவுக்குச் சமயநல்லூர் பக்கம் மில்லில் வேலை. காலையில் அவளைக் கூட்டிப்போய், வேலைக்கு ஓடி, சாயந்திரம் என்னைக் கூட்டிப்போய்... கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நடை என்னால ஆகலத்தா. ஒரே நேரம்னா கூட்டிட்டுப் போறேன்."

"நான் நின்னுக்கிறேன்ப்பா" என்றேன்.

"ஒருத்திய அனுப்பி ஒருத்திய நிப்பாட்ட மாட்டேன். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

அப்பாவின் நியாயம் அப்படி. ஒரு வடையைக்கூட அளந்து பிய்த்துக் கொடுப்பவர்.

சுகந்திதான் மாஸ்டரிடம் போய் நின்றாள். "சார், அக்காவையும் ஏ பேட்ச்ல போடுங்க சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நடுவுல தடுப்புக் கயித்தப் பிடிக்காம போயிட்டுத் திரும்பி வரட்டும். போட்டுர்றேன்."

குதித்தேன். போகும்போது சரியாகத்தான் போனேன். திரும்பும்போது மூச்சு முட்டியது. கரையில் அவள் குனிந்து நின்று கத்துகிறாள். "வந்துட்டக்கா... இம்புட்டுத்தான் இருக்கு... கயித்தத் தொட்டுராதக்கா!"

தொட்டுவிட்டேன். தொட்டது மட்டுமா, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இருமி முடித்துத் தலையைத் தூக்கினால், என் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. பாவி, திட்டியிருக்கலாம்.

அப்புறம் இரண்டு பேருமே சாயந்திர பேட்ச். அவள் சடசடவென்று எதிர்க்கரைக்குப் போய்விட்டு, நான் வந்து சேருகிற வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். முழுப் பரீட்சை வந்தது, நீச்சலுக்குப் போவதை நிறுத்திவிட்டோம். மறுபடி யாரும் பேச்செடுக்கவில்லை. அப்பா போகும்வரைக்கும் எடுக்கவில்லை.

இப்போது அவள் ஒத்தக்கடையில் இருக்கிறாள். அங்கே நீச்சல் கிளாஸை போனிலேயே புக் செய்கிறார்கள். கண்ணாடி, தொப்பி, தனிப் பை என்று பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட சாமான். அவள் மகனுக்குச் சாயந்திர பேட்ச், சின்ன மகளுக்கு விடியற்காலை. ஸ்கூட்டியில் தினம் இரண்டு நடை.

"ஏண்டி இப்பிடி நாயா அலையிற? ரெண்டையும் ஒரே பேட்ச்ல போட்டா என்ன?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவள் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சின்னவ மேல போயிட்டாக்கா. அவன் வாரப்ப வரட்டும்."

"அப்ப நீயும் தண்ணியில எறங்க வேண்டியதுதான? கரையில சும்மா உக்காந்துதான இருக்க?"

"எனக்கெல்லாம் மறந்துபோச்சுக்கா... வாரேன்" என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

நீச்சல் எங்கேயாவது மறக்குமா? கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்கே மறக்கவில்லை.