பேகம்பூரின் அலாரம்

"என் தூக்கத்தக் கலைக்க இந்தத் திண்டுக்கல்லுல இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்!" என்று பேகம்பூர் டீக்கடையில் மீரான் அறிவித்தார். எவரும் மறுக்கவில்லை. நோன்பு மாதத்தில் சஹர் என்னும் விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு ஆட்களை எழுப்ப வரும் பக்கீர் பாவா, அவர் ஜன்னலடியில் தப்ஸ் மேளம் கொட்டிக் கை ஓய்ந்து போனவர்.

ஆனாலும் தோல் மண்டி வைத்திருக்கும் இப்பெருமகனார் ஒரு நோன்பையும் தவறவிட்டதில்லை. காரணம், மனைவி ஹாஃபிஸா. அவருக்கு எம்.எஸ். என்னும் நரம்பு நோய். சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். நோன்பிலிருந்து விலக்கு உண்டு. இருந்தும் அவர்தான் முதலில் விழித்திருந்து கணவரை உலுக்குவார்.

மீரான் இதைப் பக்தி என்று கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பை வீட்டோடு வைத்துக்கொள்ளும் கஞ்சத்தனம் அவரிடம் இல்லை. பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி முதல் கறிக்கடை ஆசாத் வரை, "உங்களுக்கும் ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்றேன், நிம்மதியாத் தூங்குங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தெருவே ஹாஃபிஸாவால் எழுந்தது. பகலில் அவர் சோர்ந்து சாய்ந்தால் மட்டும், "என்ன, பகல்லயும் படுக்கையா?" என்று மீரான் கேலி செய்வார்.

இந்த வருடம் பாதி நோன்பில், சுவரும் போதாமல் வாக்கர் வந்தது. நரம்பு டாக்டர், "ராத்திரி எப்படித் தூங்குறீங்கம்மா?" என்று கேட்டார்.

மீரான் முந்திக்கொண்டார். "அலாரமே வேணாம் டாக்டர்! சஹருக்கு டாண்ணு முழிச்சிருவா."

"தூங்குனாத்தானே முழிக்க?" என்றார் ஹாஃபிஸா. "காலு ரெண்டும் வெட்டி வெட்டி இழுக்கும். விடியிற வரைக்கும் நீவிக்கிட்டே கெடப்பேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

டாக்டர் மாத்திரை எழுதினார். தூக்கம் கெடக் கெட அசதி கூடும், நடையும் தளரலாம் என்றார். இழுக்கும்போது பாதத்தை மெல்ல மடக்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நல்லது என்றார். அந்த ஆள் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையால் தடவியே தோலின் தரம் சொல்லும் நிபுணர், ஒரு முழம் தள்ளித் துடித்த காலை இத்தனை வருடம் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்று மாலை மீரான் நோன்புக் கஞ்சியை மனைவி பக்கம் நகர்த்தி வைத்தார். "என்னைய ஒரு உதை விட்டு எழுப்பிருக்கலாம்ல?" என்றார்.

"காலு வெளங்குனா விட்டிருக்க மாட்டேனா?"

சில நாள் கழித்து, பக்கீர் பாவா தப்ஸோடு தெருவுக்குள் நுழைந்தபோது, மீரான் வாசலில் நின்றிருந்தார். ஹாஃபிஸாவின் கால் கட்டைவிரல் அசைந்ததற்கே விழித்து, காலைப் பிடித்துவிட்டு, அப்புறம் படுக்காதவர். மனைவியின் போனிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அட, மீரானு! நீயாப்பா முழிச்சிருக்க?"

"மெதுவாப் பேசுங்க பாவா. இந்த வாசல்ல மட்டும் கொட்டாதீங்க. இப்பத்தான் கண்ணு அசந்திருக்கா."