தாம்பூலப் பையில் போன நாவல்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் நண்பர் மணிமாறன் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். ஓர் ஆண் இன்னொரு ஆணைக் காதலிக்கும் கதை. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் அப்படி எழுதிய முதல் ஆள் அவர்தான், அதுவும் சொந்தப் பேரில். புனைபேர் வைத்துக்கொள்ளச் சொல்லி நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"ஒளிஞ்சுக்கிட்டு எழுதுறதுக்கு எழுதாமலே இருக்கலாம்" என்றார்.

பிடிவாதக்காரர். ஆனால் வீட்டில் மட்டும் அது என்ன கதை என்று வாயைத் திறக்கவில்லை. அங்கே யாருக்கும் படிக்கிற பழக்கம் கிடையாது என்ற தைரியம்.

நாவலின் பேர் 'கனகாம்பரத் தோட்டம்'. அட்டையில் பூ. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவருடைய அண்ணன் மலைச்சாமி பூ விவசாயி. தம்பி பூந்தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. மகள் பவித்ராவின் கல்யாணத்துக்கு, தம்பியிடம் சொல்லாமலே பதிப்பகத்திலிருந்து புத்தகத்தை மொத்தமாக வாங்கி, தேங்காய் வெற்றிலையோடு தாம்பூலப் பையில் போட்டுவிட்டார்.

திண்டுக்கல் மண்டபத்தில் முதல் பந்தி எழுந்து வந்துகொண்டிருந்தது. நானும் மணிமாறனும் வாசலுக்கு வந்தபோது அண்ணன் பை கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் பையிலிருந்து அந்த அட்டை எட்டிப் பார்த்தது. சம்பந்தி வீட்டார் இதைப் படித்தால், போன இடத்தில் பவித்ராவை என்ன பாடு படுத்துவார்கள்?

மணிமாறன் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, அது பூவைப் பத்தின கதை இல்ல. ஆம்பளைய ஆம்பளை விரும்புற கதை."

"கதைதானப்பா?"

"இல்லண்ணே. நானும் அப்படித்தான்."

அண்ணன் திரும்பிப் போய், மீதிப் பைகளிலிருந்து புத்தகங்களை எடுத்து மேசைக்கடியில் போட ஆரம்பித்தார். மணிமாறனும் எடுத்தார். சொந்தப் பேரில் எழுதுவேன் என்று நின்ற மனுஷன், அந்தப் பேரையே பிடுங்கிப் போட்டதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் கல்யாண வீட்டில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லையென்றால் விடுவார்களா? மாப்பிள்ளையின் தாய்மாமன் கண்ணுசாமி வாங்கிய பையைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"முன்னால போனவுகளுக்கெல்லாம் புத்தகம் இருக்கு. கீழேயும் இம்புட்டுக் கெடக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னா அம்புட்டு எளக்காரமா?"

வரிசை நின்றுவிட்டது. சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அப்பாவும் வந்துவிட்டார்.

"அச்சு சரியில்லைங்க, அதான்..." என்று மணிமாறன் தடுமாறினார். அந்தப் பொய்யே போதும், எல்லாம் அடங்கிவிடும் என்று நான் வேண்டாத சாமியில்லை.

"நீ சும்மா இருப்பா" என்றார் அண்ணன். "அச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. எந்தம்பி எழுதுனது. ஆம்பளைய ஆம்பளை விரும்புற கதை. அவன் கதைதான். நாந்தான் பயந்துக்கிட்டு எடுத்தேன். வேணுங்கிறவுக கேட்டு வாங்கிக்கங்க."

யாரும் கை நீட்டவில்லை. கண்ணுசாமி தன் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். வரிசையில், தம்பிக்கு எதிரே நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணு குடுப்பா."