உப்பேறிய வயலுக்கு உதவி தேடி வரிச்சிக்குடி வரை

ஆனி மாதத்தில் நான் திருச்சியிலிருந்து காரைக்கால் பக்கம் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் என் லாத்தாவுக்கு (அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவோம்) வரிச்சிக்குடியில் கொஞ்சம் வயல் உண்டு. மச்சான் துபாயில். இரண்டு பருவமாக மண்ணில் உப்பேறி நெல் சரியாக விளையவில்லை. இறால் குட்டை வெட்டக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் நெருக்கிக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை பதில் சொல்றேன்னுட்டேன் தம்பி. அதுக்குள்ள அரசாங்கத்துல எதாச்சும் வழி இருக்கான்னு பாரு” என்றார் லாத்தா.

இணையத்தில் படித்ததை நம்பி முதலில் நாகப்பட்டினத்தில் இறங்கி, வேளாண் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “வயலு எங்கங்க?” சொன்னேன். “அது புதுச்சேரி அரசாங்கம்ங்க. நீங்க காரைக்காலுக்குத்தான் போவணும்.” நான் படித்தது தமிழ்நாட்டுத் திட்டம்! அசடு வழிய மறுபடி பேருந்து ஏறினேன். சுமார் இருபது கிலோமீட்டர். வழியில் திருமலைராயன்பட்டினத்தில் ஏறிய லாத்தா, விஷயம் கேட்டுக் காரைக்கால் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

காரைக்காலில் இருந்து வரிச்சிக்குடிக்கு ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். வேளாண் அலுவலகத்துக்கு இங்கே ‘உழவர் உதவியகம்’ என்று பெயர். அங்கிருந்த பெண் அலுவலர், “மண்ணப் பாக்காம என்னன்னு சொல்றதுங்க?” என்று ஸ்கூட்டரில் எங்களுக்கு முன்னால் வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

நாலைந்து இடத்தில் குழி தோண்டி மண் எடுத்தார். “உப்பு இருக்கு, ஆனா கைவிடுற அளவுக்கு இல்லீங்க. பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுங்க. விதை மானியத்துல தர்றோம். மழத் தண்ணியத் தேக்கி வடிச்சு விட்டா உப்பு கொறையும். வடிகால்தான் மண்ணு மூடித் தூந்து கெடக்கு.”

பக்கத்து வயல்காரர் மாரிமுத்து வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குட்டை வந்தால் தன் வயலுக்கும் உப்பு ஏறும் என்று, பல மாதமாக லாத்தாவிடம் பேசாதவர்.

“அப்ப இறால் குட்டை இல்லியா தங்கச்சி?”

லாத்தா கைப்பேசியை எடுத்தார். “வயல் குடுக்கிறதா இல்லீங்க. நாங்களே வெதைக்கப் போறோம்” என்று குத்தகைக்குக் கேட்டவரிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

“வடிகாலை நான் வெட்டுறேன். நாளைக்கே மம்பட்டியோட வந்துர்றேன்” என்றார் மாரிமுத்து. எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: வயல் எந்த அரசின் எல்லையில் என்பதை முதலில் பாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பிறகு அலுவலர்கள் வயல்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆதார், பட்டா, வங்கிப் புத்தக நகல்கள் தேவை. பட்டா வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் என்றால் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டா மச்சான் பெயரில் இருந்ததால் எங்களுக்கு அதற்காக இன்னொரு நடை ஆனது.

இப்போது சம்பா நட்டாயிற்று. வயலில் கோட்டுச்சேரிமேடு ஊர்ப் பக்கத்து மூலை மட்டும் இன்னும் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கிறது. “அத அடுத்த வருஷம் பாத்துக்கலாம் தம்பி” என்கிறார் லாத்தா. அந்த வயலைப் பற்றிப் பேசும்போது அவர் வாயில் ‘அடுத்த வருஷம்’ என்ற சொல் வெகு நாள் கழித்து இப்போதுதான் வருகிறது.