செல்லக்கிளியின் ஓடையும் சீர்வரிசைத் தட்டும்

எனக்கும் செல்லக்கிளி அக்காவுக்கும் ஒத்தே வராது என்றுதான் கல்யாணமான புதிதில் எல்லோரும் நினைத்தார்கள். அவள் என் ஓரகத்தி, வீட்டுக்கு மூத்த மருமகள். நான் படபடவென்று பேசிவிடுவேன். அவளோ இன்றைக்குக் கேட்டதற்கு நாளைக்குப் பதில் சொல்கிற ஆள். நான் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்துவிட்டேன், அவள் திருவெள்ளறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருந்துவிட்டாள். ஆனாலும் இன்றைக்கு யாராவது அவளைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்லட்டும், அப்புறம் தெரியும் இந்த மணிமேகலை யாரென்று.

பாகம் பிரித்தபோது அவள் வீட்டுக்கு வந்தது பள்ளக்காடு. அங்கே ஒரு காலத்தில் ஓடை ஓடி, குட்டையில் விழுந்து, சுற்றிலும் கோரை மண்டிய சதுப்பு இருந்ததாம். எங்கள் மாமனார் எல்லாவற்றையும் மண்ணடித்துத் தூர்த்து நெல் போட்டார். நெல் என்ன பெரிய நெல்! மழை பெய்தால் பயிர் அழுகும், வெயில் அடித்தால் கிணறு வறளும். அவள் புருஷன், என் மூத்தார் நல்லதம்பி சலித்துப்போய், காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டப் போய்விட்டார். நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டது.

நீர்நிலைகளைச் சீர்செய்கிற ஒரு குழுவிலிருந்து யாழினி என்ற பெண் திருச்சியிலிருந்து வந்தாள். பழைய ஓடையைத் திறந்து, பள்ளத்தை மறுபடி சதுப்பாகவே விட்டுவிடலாமா என்று கேட்டாள். அக்கா சரி என்று தலையாட்டினாள் எனக் கேள்விப்பட்டதும் நான் போனில் கத்தினேன்.

“நெலத்தைத் தண்ணிக்குத் தாரை வார்க்கறியே, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?”

மறுநாள்தான் பதில் வந்தது. “மேகலை, அது தண்ணியோட எடம்தானே. இத்தனை வருஷம் நாம குடியிருந்துட்டோம். காலி பண்ணிக் குடுத்துருவோமே.”

“சரி, உன் இஷ்டம்” என்று விட்டுக்கொடுத்தேன். எனக்கு அது அபூர்வம்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஓடை அவள் நிலத்துக்கு வருமுன், மேல்பக்கத்து நிலத்துக்காரர் ராமர் அண்ணனின் வெங்காய வயலை ஒட்டி வளைந்து வரவேண்டும். அந்த வளைவு அவர் பட்டாவில் இருக்கிறது. அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: “இந்தா பாரு தங்கச்சி, ஒரு மழைக்காலம் விட்டுப் பாக்கறேன். என் வெங்காயத்துல தண்ணி நின்னுச்சு, மண்ணைக் கொட்டி மூடிருவேன். அப்பறம் அண்ணன் அப்படிப் பண்ணிட்டாரேன்னு பொலம்பக் கூடாது.”

அதனால் அந்த வளைவுதான் அவளுக்கு உயிர். தண்ணீர் கரையை அரிக்காமல் இருக்க வெட்டிவேரும் கோரையும் நட்டு, கைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள். குட்டையில் எண் எழுதிய அளவுக்கல் ஒன்றை நட்டார்கள். வாரா வாரம் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது, எந்தத் தவளை கத்துகிறது, வலை போட்டால் தட்டாம்பூச்சிக் குஞ்சு விழுகிறதா என்று பார்த்து யாழினிக்குப் போனில் சொல்வாள். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எவ்வளவு ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்கவேண்டும். இவள் எதை இறக்கினாள் தெரியுமா? பிறந்த வீட்டுச் சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் தட்டை! “சும்மா பரண்ல கெடந்துச்சு, இப்பதான் ஒரு வேலைக்கு ஆச்சு” என்றாள்.

சில மாதம் போனது. ஒவ்வொரு வாரமும் அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. “தண்ணி கலங்கிக்கிட்டே போவுது யாழினி. தட்டு சீக்கிரமே மறைஞ்சுருது.” யாழினி பதறிப்போய் வந்து, தானே தட்டை இறக்கினாள். இறக்கியவள் நிமிர்ந்து அக்காவின் முகத்தையே பார்த்தாளாம்.

“அக்கா, தண்ணி நல்லாத்தான் இருக்கு. எனக்கு அடி வரைக்கும் தெரியுது. நீங்க மொதல்ல கண்ணைக் காட்டுங்க.”

இரண்டு கண்ணிலும் புரை. வீட்டில் அரிசியில் கல் கிடந்ததும், ஊசியில் நூல் கோர்க்க முடியாததும் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. ஓடைக்கு ஒன்று என்றதும்தான் ஊரைக் கூட்டினாள். அந்தத் தட்டு மட்டும் இல்லையென்றால் இன்னும் எத்தனை நாள் தடவித் தடவி நடந்திருப்பாளோ! அந்தத் தண்ணீருக்கு நான் மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

புரட்டாசியில் முதல் கண்ணுக்கு ஆபரேஷன். என் வீட்டில்தான் வைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் சட்டமாகவே ஆக்கிவிட்டேன். முகம் கழுவக் கூடாது, ஈரத்துணியால் நான்தான் துடைப்பேன். அம்மா மண்டபப் படித்துறைக்குப் போய்க் காவிரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். “பாக்கலாம், ஆனா படியில எறங்கக் கூடாது” என்று கையைப் பிடித்தே கூட்டிப்போனேன். கறுப்புக் கண்ணாடியோடு படியில் உட்கார்ந்து, “இங்க வளைவுல வெட்டிவேர் வெச்சா நல்லாருக்கும்ல?” என்றாள். காவிரிக்கே யோசனை சொல்கிறாள், கேட்டுக்கொள்ளுங்கள்!

ஐப்பசி பிறக்கும் முன் அவளை ஊரில் விடப் போனேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வளைவுக்கு நடந்தாள்.

கரை மொட்டையாக இருந்தது. ஒரு வெட்டிவேர் இல்லை, ஒரு கோரை இல்லை. மம்மட்டியால் செதுக்கி, மண்ணை அணைத்து, வீட்டு வாசல்போல் வழித்துவிட்டிருந்தார்கள். கீழே குட்டையில் இருந்த அளவுக்கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூ சுற்றியிருந்தார்கள். எண்கள் எல்லாம் மஞ்சளுக்கு அடியில் போய்விட்டன. கரையோரம் நூறு நாள் வேலைக்குப் போகும் எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் வேலம்மாள், முகமெல்லாம் சிரிப்பு.

“செல்லக்கிளி, பாத்தியா? கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வர்றியேன்னு நாங்களே உன் ஓடையைச் சுத்தம் பண்ணி வெச்சுட்டோம். வாய்க்கா செதுக்கறதுல எங்களை மிஞ்ச ஆளிருக்கா?”

எனக்கு வந்ததே கோபம்! “அடிப்பாவிகளா, குடியைக் கெடுத்துட்டீங்களேடி! மழை வரப்போவுது, கரையைப் புடிச்சு நிறுத்துனதே அந்தப் புல்லுதானே! இப்ப தண்ணி ராமரண்ணன் வயல்ல ஏறும், அவர் மூடிட்டுப் போயிருவாரு!” என்று கத்தினேன். வேலம்மாளின் சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது.

அக்கா என் கையை அழுத்தினாள். வேலம்மாளிடம் போய் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது.

“கூலி இல்லாம எனக்காக மம்மட்டி புடிச்சிருக்காங்க மேகலை” என்றாள். “இதுக்குப் போய்த் திட்டுவாங்களா? வா, அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்துருவோம்.”

மறைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, அவளுக்குத் தோன்றவில்லை. ராமர் அண்ணன் வாசலில் நின்று, “கரை மொட்டையாக் கெடக்குண்ணே. இந்த மழைக்குத் தண்ணி உங்க பக்கம் ஏறுனாலும் ஏறும்” என்றாள். அவர் வெற்றிலையை மென்றபடியே, “சொன்ன சொல்லு சொன்னதுதான். நின்னா மூடுவேன்” என்றார். கல்லுளிமங்கன்!

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். பெண்கள் வெட்டிப்போட்ட கோரை குவியலாகக் கிடந்தது. அதைக் கட்டுக் கட்டாக உருட்டி வளைவில் அடுக்கி, கருவேலங்குச்சியை அடித்து இறுக்கினோம். பிடுங்கிப்போட்ட வெட்டிவேர்த் தூர்களைப் பொறுக்கித் திரும்ப நட்டோம். வேலம்மாள் எல்லோரையும்விட வேகமாகக் குச்சி அடித்தாள். வேர் பிடிக்க நாள் வேண்டும். மழைக்கு அந்தப் பொறுமை இல்லை.

அது ஒரு பகல்பொழுதில் வந்து கொட்டியது. நான் ஊரிலேயே தங்கியிருந்தேன். அக்கா வளைவுக்கு ஓட, கண்ணில் மழை படக்கூடாதே என்று குடையோடு நானும் பின்னாலேயே ஓடினேன். கட்டுகள் முக்கால்வாசி தாங்கின. ஓர் ஓரம் மட்டும் பிய்ந்து, செந்தண்ணீர் ராமர் அண்ணனின் வெங்காயத்துக்குள் புகுந்துவிட்டது. அவர் மம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா விலகி நின்றாள். “மூடிக்கங்கண்ணே, சொன்ன சொல்லுதானே” என்றாள்.

அவர் காதில் வாங்கவில்லை. வயலுக்குள் இறங்கித் தண்ணீரையே பார்த்தார். பள்ளக்காட்டைத் தூர்த்து வைத்திருந்த காலத்தில் அங்கே வந்த தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது, வெங்காயம் அழுகும்வரை நிற்கும். இப்போது அது நிற்கவில்லை. சரிவில் சலசலவென்று இறங்கி, கீழே அக்காவின் சதுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் விடுவிடுவென்று போய்த் தன் கீழ்வரப்பை ஒரே வெட்டாக வெட்டி, அதற்கு இன்னும் வழி விட்டார். நாங்கள் கிளம்புமுன் வெங்காயத்தாள் எல்லாம் மேலே தெரிந்தது.

மழை ஓய்ந்து சில நாள் கழித்து, அக்கா தட்டை இறக்கப் போனாள். அளவுக்கல்லில் மஞ்சள் இல்லை. வேலம்மாள் தேய்த்துக் கழுவிவிட்டு, பொட்டை மட்டும் எண் படாத உச்சியில் வைத்திருந்தாள். ராமர் அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“வளைவுல பிஞ்ச எடத்தை எப்பண்ணே அடைக்கப் போறீங்க?” என்று நானே கேட்டுவிட்டேன்.

“அடைக்கலை” என்றார். “அந்த ஓரத்துல ரெண்டு பாத்தி போனாப் போவுது. தண்ணிக்குக் குடுத்துட்டேன். தங்கச்சி, வெட்டிவேர் மிச்சம் இருந்தா என் பக்கமும் நட்டு விடு.”

அக்கா தட்டை இறக்கினாள். அது மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியுதா?” என்றார் அண்ணன்.

“தெரிஞ்சுதுண்ணே” என்றாள். “இப்பதான் மறைக்குது.”

எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“அக்கா! கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது!” என்று கத்தினேன். கத்திவிட்டு, முந்தானையால் முதலில் என் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டேன்.