சத்தம் கொடுத்துவிட்டு

என் மகள் தண்ணீரில் குப்புற விழுந்தபோதும் தூண்டில் கம்பு அவள் கையை விட்டுப் போகவில்லை. கரண்ட் அவள் விரல்களைக் கம்பின்மேல் பூட்டி வைத்திருந்தது.

அவளுக்கு இருபது வயது. தஞ்சோங் மாலிமில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அங்கே தோழிகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட பைத்தியம் இது. கொக்கியில் கோழி இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்து, நீளமான கயிற்றை முன்னும் பின்னும் வீசி மீன் பிடிப்பது. புழு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். தனியாகப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர் குனோங் ராபாட்டிலிருந்து நானே காரை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன்.

அந்த ஆறு ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஓடுகிறது. இப்போது இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். நான் கரையில் உட்கார்ந்து பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழுக்கி விழுந்து மண்டை உடையும் என்பதுதான் என் பயம். முதலில் ஒரு செபராவ் மீன் மாட்டியது. முழங்கை நீளம். கொக்கியைக் கழற்றும்போது அதன் தாடை கிழிந்து ரத்தம் வந்தது.

"குழம்புக்கு ஆகும்லா" என்றேன்.

"குழம்பு மீனு கடையில இருக்கும்மா. இது என் மீன்" என்று விட்டுவிட்டாள்.

அப்போதுதான் ஆற்றின் மேல்பக்கம், வளைவில், இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் முதுகில் பேட்டரி, இரு கைகளிலும் ஒயர் சுற்றிய கம்புகள். பின்னால் வந்தவனிடம் சாக்கு. கரண்ட் வைத்து மீன் பிடிப்பவர்கள்.

"அண்ணே, இங்க போடாதீங்க, நான் தண்ணியில நிக்கிறேன்" என்று மகள் கத்தினாள்.

பேட்டரிக்காரன் சிரித்தான். "தங்கச்சி, கோழி ரெக்கைய வச்சு மீன் புடிக்கிறியா, கோழி புடிக்கிறியா?"

"சட்டப்படி தப்புண்ணே இது."

"அப்ப நில்லுலா. உன்னையும் சேத்து அள்ளிடுறோம்."

அவள் அவசரமாகக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பினாள். நான்தான் தடுத்தேன். "மெதுவா வாம்மா, பாறை வழுக்கும். சத்தம் கொடுக்காம போடமாட்டாங்க. நம்மாளுங்கதான்."

நான் பத்து வயதுவரை இப்படி ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தூபா வேரை இடித்து அதன் சாற்றை ஆற்றில் ஊற்றுவார்கள். மீன்கள் மயங்கி மிதக்கும். பிள்ளைகள் நாங்கள் குச்சியால் அவற்றின் தலையில் அடித்து அள்ளுவோம். ஆனால் ஊற்றுவதற்கு முன்னால் ஆற்றின் மேல்பக்கமிருந்து எச்சரித்து ஒரு குரல் வரும். துணி துவைக்கும் பெண்கள் அந்தக் குரலைக் கீழே அடுத்த வளைவுக்குக் கடத்திவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரையேறுவார்கள். எல்லாரும் ஏறிய பிறகுதான் சாறு ஊற்றுவார்கள். அந்த இருவரின் பேச்சில் என் தோட்டத்துப் பேச்சே கேட்டது. அதனால் நம்பினேன். மகளும் என் சொல்லைக் கேட்டு ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள்.

அவன் கம்புகளைத் தண்ணீரில் இறக்கினான். குரல் வரவில்லை.

மகளின் முதுகு வில்லாக வளைந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. மரம் சாய்வதுபோல் விழுந்தாள். அவளைச் சுற்றி மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தன. அவன் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வளைவுக்கு ஓடியது நினைவிருக்கிறது. அவன் கரையை ஒட்டி நின்றான். காதுக்கு மேலே அடித்தேன். தேங்காய் உடைவதுபோல் கேட்டது. கம்புகளை விட்டுவிட்டு உட்கார்ந்தான். மறுபடியும் அடித்தேன், தோளில், கையில். "சத்தம் கொடுக்கணும்டா! கொடுத்துட்டுத்தான்டா போடணும்!" என்று கத்திக்கொண்டே அடித்தேன். சாக்கு வைத்திருந்தவன் மீனோடு செம்பனைக்குள் ஓடினான்.

திரும்பி ஓடித் தண்ணீரில் இறங்கி மகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். உதடு நீலமாக இருந்தது. கரையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் குத்தினேன், குத்தினேன். தண்ணீரும் காலையில் சாப்பிட்ட ரொட்டியும் வந்தன. பிறகு இருமினாள்.

பேட்டரிக்காரன் இன்னும் அங்கேயே இருந்தான். தலையைப் பிடித்திருந்த விரலிடுக்குகளில் ரத்தம் வழிந்தது. அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"இப்பல்லாம் யாரு அக்கா சத்தம் கொடுக்குறாங்க? கொடுத்தா ரேஞ்சர் வந்துடுவான்லா."

நாங்கள் போலீசுக்குப் போகவில்லை. நானும் ஒருவன் மண்டையை உடைத்திருக்கிறேன். அவன் நடந்து போனதைப் பார்த்தேன். இருந்தும், ஆற்றோரம் பிணம் என்று செய்தி வந்திருக்கிறதா என்று இன்றைக்கும் காலையில் முதல் வேலையாகப் போனில் தேடுகிறேன்.

மகளின் உள்ளங்கையில் கம்பின் அச்சு வெகுநாள் இருந்தது. அது மறைந்ததும் மறுபடியும் போகிறேன் என்றாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு தடவை கையைக்கூட ஓங்கினேன். கேட்கவில்லை. போன வாரம் நானும் கூடப் போனேன்.

அவள் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் வளைவுக்கு ஓடினேன். "ஆள் இருக்கு! தண்ணியில ஆள் இருக்கு!" திரும்பி வந்து கீழ்ப்பக்கம் பார்த்தும் கத்தினேன். செம்பனைக்குள் பறவைகள் கலைந்தன.

"அம்மா, மீனெல்லாம் ஓடுதுலா!"

"ஓடட்டும்" என்றேன். அன்றைக்கு அவளுக்கு ஒரு மீன்கூட மாட்டவில்லை. குரல் கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தேன்.