திங்கட்கிழமை இழுத்த கல்

ஓடைக்கு மேலே இருக்கிற கற்பாலம் நான் கட்டியது. பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள கிணறு, பாறை தட்டும், தண்ணீர் வராது என்று விவரம் தெரிந்தவர்களே கைவிட்ட இடத்தில் நான் தோண்டியது. பிள்ளைகள் படிக்கிற ஓட்டுக் கொட்டகைக்குச் சுவர் எழுப்பியதும் நான்தான். படிப்பு எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. பவானிப் பக்கத்திலிருந்து ஒரு மண்வெட்டியோடு மைசூருக்கு வந்தவன், பத்து வருஷத்தில் மேஸ்திரி ஆனேன். யாரும் கைதூக்கி விடவில்லை.

இப்போது எங்கள் தெருக் கமிட்டி பாலத்தின் முகப்பில் ஒரு கல் நடப்போகிறது. அதில் ‘ஊரார் கட்டியது’ என்று மட்டும் இருக்குமாம். என் பெயர் இல்லையாம். அதனால்தான் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மழைக்காலம் வந்தால் அந்த ஓடை எங்கள் தெருவைப் பட்டணத்திலிருந்து துண்டாக்கிவிடும். பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலோடு தலைமேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கடந்திருக்கிறோம். நான் சர்க்கார் ஓவர்சியர் வாசலில் நடையாய் நடந்தேன். கடைசியில் அவர், மலையடிவாரத்தில் உடைத்துக் கிடக்கும் பலகைக் கற்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஆளும் வண்டியும் உங்களுடையது என்றார். இரண்டு கரையிலும் அஸ்திவாரம் நானே நின்று எடுத்தேன். ஆடி மழைக்கு முன் கல் ஏறாவிட்டால் தோண்டியதெல்லாம் ஓடையோடு போய்விடும்.

வண்டி எங்களிடம் ஏது? பக்கத்து ஊர்க் கௌடரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழும் பேசுவார். தன்னுடையதும் பங்காளிகளுடையதுமாக நாலு வண்டி தருகிறேன் என்றார். என்றைக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து மாடுகள் திங்கட்கிழமைகளில் கொட்டிலில் சும்மா நின்று அசைபோடுவதைப் பார்த்திருக்கிறேன். அன்று ஏர் பூட்டமாட்டார்கள். உழவு இல்லாத நாளில் வண்டிக்கு மாடு கிடைக்கும் என்று நானே கணக்குப்போட்டுத் திங்கட்கிழமைக்குத் தமுக்கு அடிக்கச் சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நான் யாரையும் கேட்கிற ஆள் இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒருவராக மலையடிவாரத்தில் கூடினார்கள். கௌடர் வந்தார். வண்டி வரவில்லை, மாடு வரவில்லை.

“இன்னிக்கி ஸோமவார, மேஸ்திரி,” என்றார். “சிவனோட நாள். பசவன், அதான் எங்க காளை, அது தோள்ல இன்னிக்கி நுகம் வெக்கமாட்டோம். ஏருக்கும் இல்லே, வண்டிக்கும் இல்லே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

நான் சத்தம்போட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டுக் கழுத்தை அறுக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னான். நாளைக்கு அவனவன் வேலைக்குப் போகவேண்டும், மறுபடி இத்தனை பேரைக் கூட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். கிழக்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

எங்கள் தெருவில் சுண்ணாம்பு அரைக்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். என்னோடு ஊரைவிட்டு வந்தவள், எனக்குப் பயப்படாதவள். அவள்தான் முன்னால் வந்தாள்.

“ஏனுங் மேஸ்திரி, மாட்டுக்குத்தானுங்க லீவு? வண்டிக்கு இல்லீங்களே. நாள் வெச்சவரு நீங்க நுகத்துல நில்லுங்க. பின்னால நின்னு நாங்க தள்ளறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. திரும்பிப் போயிருந்தால் அன்றோடு பாலம் முடிந்திருக்கும். மேல்துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். ஆட்களே கௌடர் ஊருக்குப் போய் நாலு வண்டியையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் வண்டியில் கல் ஏற்றியதும் இடப்புறத்து நுகத்தைப் பிடித்தேன். வலப்புறத்தில் யாரோ வந்து நின்றார்கள். பார்த்தால் கௌடர்.

“ரஜா பசவனுக்கு. எனக்கில்லே,” என்றார்.

சாயங்காலத்துக்குள் கற்களெல்லாம் ஓடைக்கரைக்கு வந்துவிட்டன. மாடு இழுத்திருந்தால் எட்டுப் பேரோடு முடிந்திருக்கும் வேலை. மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அன்று சக்கரத்தில் கைவைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. பிறகு கிணற்றுக்கும் கொட்டகைக்கும் நான் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை, அவர்களே வந்தார்கள். ஆனால் முதலில் உட்கார்ந்து பேசி, எல்லோருக்கும் தோதான நாள் எது என்று கேட்டுத்தான் வைத்தோம். கேட்பது என் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்திருந்த எனக்கு, கேட்டால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று புரிய ஒரு பாலம் தேவைப்பட்டது.

கமிட்டிக்காரர்கள் இதையே எனக்கு எதிராகச் சொல்கிறார்கள். ஊரார் இழுத்த கல் என்று நீங்களே சொல்வீர்களே, தனியாகப் பெயர் எதற்கு என்கிறார்கள். ‘ஊரார் கட்டியது’ என்பதில் எனக்கு வழக்கு இல்லை. அது இருக்கட்டும். ஆனால் ஓவர்சியர் வாசலில் ஊரார் நிற்கவில்லை, நான் நின்றேன். அஸ்திவாரத்தை ஊரார் எடுக்கவில்லை, நான் எடுத்தேன். தப்பான நாள் வைத்ததும் நான்தான். அதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தத் தப்பு இல்லாவிட்டால் ஊரார் சக்கரத்தில் கைவைத்தே இருக்கமாட்டார்கள்.

ஆகவே அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி வெட்டவேண்டும். திங்கட்கிழமை நாள் வைத்தவன், முதல் வண்டியின் இடப்புற நுகத்தில் நடந்தவன் என்று போட்டு என் பெயர். வலப்புறத்துக்குக் கௌடர் பெயர். தள்ளச் சொன்ன அம்மாளின் பெயரும் வேண்டும் என்றால் கல்லைக் கொஞ்சம் பெரிதாக எடுங்கள். நானே கொத்தித் தருகிறேன்.